என்ன அலுவலாய் வந்தீர்கள்?

கொழும்புக்குப் போவதென்றால் அப்பா முதலில் எடுத்துவைப்பது அடையாள அட்டை. அடுத்தது, கடைப் பெயர் அச்சடித்த பழைய பற்றுச்சீட்டு ஒன்று. மூன்றாவது, ஒரு வசனம். கடைக்குச் சாமான் எடுக்க வந்தேன், நாளை இரவு ரயிலில் திரும்பிவிடுவேன் என்பதைச் சிங்களத்தில் பாடமாக்கி வைத்திருந்தார். சிங்களத்தில் அவர் தடக்குப்படாமல் பேசியது அந்த ஒரு வசனத்தைத்தான். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்தப் பழக்கம் எனக்கும் வந்தது. போர் முடிந்து பல வருடம் ஆன பிறகும், ஒரு கவுண்டரின் முன்னால் போய் நின்றால் பெயருக்கு முன்பாகக் காரணம் வாயில் வந்து நிற்கும். வங்கியிலும் அப்படி, கச்சேரியிலும் அப்படி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தொழிலே ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று ஆட்களை வரவேற்பது என்பதால் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பழக்கம் விட்டுப்போனது கொழும்புக் கோட்டையில் ஒரு ஹோட்டலில் தங்கியபோதுதான். அங்கே படித்த பாடத்தை வைத்துத்தான் இன்றைக்கு என் வேலையைச் செய்கிறேன்.

என் ஊர் சாம்பல்தீவு. திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. சல்லி அம்மன் கோயில் பொங்கலென்றால் வெளியூர்ச் சனம் வந்து நிறையும். நான் வேலை செய்வது உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சிறிய விடுதியில். வரவேற்பும் கணக்கும் என் பொறுப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் எங்களுக்குச் சீசன். மேற்கிலும் தெற்கிலும் மழையும் கொந்தளிப்புமாக இருக்கும்போது எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை உழைப்பதை வைத்துத்தான் மாரி முழுவதும் சீவிக்க வேண்டும்.

அப்பா காலத்துக் கொழும்புத் தங்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் தங்கியது புறக்கோட்டையில், செட்டியார் தெருப் பக்கத்து லொட்ஜ் ஒன்றில். பலகைத் தடுப்பு, ஒரு மின்விசிறி, நடையின் முடிவில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை. மொத்த வியாபாரக் கடைகள் காலடியில், ரயில் நிலையம் நடந்து போகும் தூரத்தில். வடக்கு கிழக்குத் தமிழருக்குப் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகள் வெறும் தங்குமிடமாக இருக்கவில்லை. பாஸ்போட் எடுக்க வந்தவர், விசாவுக்கு மாதக்கணக்காகக் காத்திருந்தவர், கண் ஆப்பரேசனுக்குத் தாயைக் கூட்டிவந்தவர், சோதனை எழுத வந்த பிள்ளை என்று எல்லோரும் அங்கேதான் ஒதுங்கினார்கள்.

லொட்ஜில் அறை தருமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், அட்டை இலக்கம், சொந்த ஊர், வந்த நோக்கம், எத்தனை நாள். அதுதான் பொலிஸ் பதிவு. பதிந்திருந்தாலும் நிம்மதியான நித்திரை கிடையாது. நடுச்சாமத்தில் சோதனை வரும், கதவு அதிரும். பிறந்த இடம் என்ற வரியை டோர்ச் வெளிச்சத்தில் படித்துவிட்டு, "என்ன அலுவலாய் வந்தாய்?" என்று கேட்பார்கள். அப்பா தன் வசனத்தைச் சொல்வார். சில இரவுகளில் அது போதும். சில இரவுகளில் போதாது, விடியும்வரை நிலையத்து வாங்கில் இருந்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார். வாங்கிவந்த சாமானை மட்டும் எண்ணி அடுக்குவார்.

2007 ஜூன் 7ஆம் திகதி நடந்ததை இந்த நாடு மறந்திருக்கலாம், எங்கள் வீடு மறக்கவில்லை. அன்று அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் அனுப்பிவைத்தார்கள். கொழும்பில் தங்கியிருக்க அவர்களுக்குத் தகுந்த காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அந்த வெளியேற்றத்தைத் தடுத்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

இலங்கை அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை, இந்நாட்டுக்குள் சுதந்திரமாக நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை உண்டு என்கிறது. எனக்கு அது தெரிந்தது மிகவும் பிந்தித்தான். அப்பாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்த ஜூனுக்குப் பிறகு அவர் கொழும்பில் இரவு தங்கவே இல்லை. சாமானை லொறிக்காரரிடம் சொல்லி எடுப்பித்தார்.

2024ஆம் ஆண்டு சீசன் தொடங்குமுன் எங்கள் முதலாளி என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். சுற்றுலா முகவர்கள் சிலரைச் சந்தித்து அறை விலை பேசி ஒப்பந்தம் எழுத வேண்டும். "லொட்ஜ் எல்லாம் வேண்டாம் பிள்ளை. கோட்டையில் நல்ல ஹோட்டல் ஒன்றில் நில். நாங்கள் விக்கிற சாமான் என்னெண்டு நீயும் வாங்கிப் பார்க்க வேணும்" என்று சொல்லி அவரே அறையைப் பதிந்துவிட்டார்.

திருகோணமலை இரவு ரயில் விடியுமுன்பே கோட்டையில் இறக்கிவிடும். ஹோட்டலிலோ பகல் இரண்டு மணிக்குத்தான் அறை. இடையில் இருக்கும் அந்த நீண்ட காலைதான் எங்கள் பக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் சிக்கல். பிளாட்பாரத்தில் இருந்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்ற பழைய பயம் எனக்கு. அதனால் இருட்டோடு இருட்டாக ஹோட்டலுக்கே போய்விட்டேன். வாசலில் பையை ஸ்கேன் செய்யும் இயந்திரம் இருந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பெரி என்று மூன்று ஹோட்டல்களில் குண்டு வெடித்ததை எண்ணினால், பையைச் சோதிப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வர நியாயமில்லை. எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரரின் பை போனது, பின்னால் ஒரு சிங்களக் குடும்பத்தின் பைகள் போயின. நடுவில் என்னுடையது. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டை. இயந்திரம் பிறந்த இடத்தைப் படிக்கவில்லை.

கவுண்டரில் ஒரு இளம் பெண் நின்றாள். அட்டையை நீட்டினேன். நீட்டும்போதே வசனம் புறப்பட்டுவிட்டது. திருகோணமலை, விடுதி, முகவர்கள், ஒப்பந்தம், எந்த ரயிலில் திரும்புவேன் என்பதெல்லாம். முதலாளியின் கடிதத்தையும் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடிதத்தைத் தொடவில்லை. ஹட்டன் பக்கத்துத் தமிழில், "சரிங்க மேடம். ஹாபர் பக்கமா ரூம் வேணுமா, டவுன் பக்கமா வேணுமா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. காரணத்துக்கு மேல் காரணம் கேட்டால் சொல்ல ஆயத்தமாக நின்றேன். எது வேண்டும் என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஹாபர் பக்கம்" என்றேன். அறை இன்னும் ஆயத்தமாகவில்லை, பையை வைத்துக்கொள்கிறோம், முகம் கழுவ அங்கே வசதி இருக்கிறது, சாப்பாட்டு அறை ஆறரைக்குத் திறக்கும் என்று சொல்லிப் பைக்கு ஒரு இலக்கத் துண்டைக் கட்டினாள். கடிதத்தை என் பக்கம் தள்ளிவைத்தாள். அறை ஒன்பது மணிக்கே ஆயத்தமாகிவிட்டது. அதற்கு அவள் மேலதிகக் காசு வாங்கவில்லை.

அந்தக் கடிதத்தைத் திரும்பக் கைப்பைக்குள் வைக்கும்போது என் கை நடுங்கியது. அது பயத்தில் வந்த நடுக்கம் இல்லை. அப்பா எத்தனை இரவு எத்தனை கவுண்டரில் அந்த வசனத்தைச் சொல்லியிருப்பார் என்று எண்ணி வந்த ஆத்திரம்.

அறையில் பார்த்தவற்றைத் தொழில்காரியாகவே பார்த்தேன். கதவு அட்டையைச் சுவரில் உள்ள துவாரத்தில் செருகினால்தான் விளக்கும் ஏசியும் வேலை செய்யும். ஆள் வெளியே போனால் மின்சாரம் தானாக நிற்கும். கட்டில் விரிப்பின் மூலையைச் சரிவாக மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்கியிருந்தார்கள். இரவு முழுக்கப் புரண்டாலும் கழலாது. பில்லையும் வரி வரியாகப் படித்தேன். சொன்ன விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், 18 வீதம் வற் வரி, இன்னும் சில சிறு வரிகள். முதலில் சொன்ன விலையில் கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கொழும்பில் அறை எடுக்கிறவர்கள் வரி சேர்த்த விலை எவ்வளவு என்று முதலிலேயே கேட்க வேண்டும். இலங்கைப் பிரசைக்குத் தனி விலை உண்டா என்பதையும் கேட்க வேண்டும். கேட்டால்தான் பல இடங்களில் சொல்வார்கள்.

எனக்குப் பெரிய பாடம் கதவில் கிடைத்தது. பதினொரு மணிபோல இரண்டு தட்டு. மெதுவாக, விரல் மூட்டால். "ஹவுஸ்கீப்பிங்" என்றொரு குரல். பிறகு சத்தமில்லை. நான் எழும்பிப் போக நேரமானது. கதவைத் திறந்தால் ஒரு நடுத்தர வயதுப் பெண் இரண்டடி பின்வாங்கி, கை கட்டித் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவள் இடுப்பில் எல்லாக் கதவையும் திறக்கும் அட்டை தொங்குகிறது. இருந்தும் திறக்கவில்லை. துவாய் மாற்ற வேண்டுமா, பிறகு வரட்டுமா என்று கேட்டாள். பிறகு வரச் சொன்னேன். "ஹொந்தய் மிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள்.

லொட்ஜுக் கதவை நான் கண்டதில்லை. ஆனால் அதன் சத்தம் அப்பாவின் நித்திரையில் இருந்தது. வயதான காலத்தில் வீட்டில் யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் எழும்பி இருந்து சட்டையைத் தேடுவார். திறக்கும் அதிகாரம் கையில் இருக்கும்போதே வெளியில் காத்து நிற்பதுதான் மரியாதை என்று அந்தப் பெண் எனக்குக் காட்டினாள். அவளுக்கு அது பயிற்சியில் சொல்லித் தந்த ஒழுங்கு. எனக்கு அது என் அப்பாவுக்குக் கிடைக்காமல் போன ஒன்று. ஒரு ஹோட்டல் அறைக்கு நாம் கொடுக்கும் காசில் மெத்தைக்கும் ஏசிக்கும் ஒரு பங்கு போகிறது. மீதிப் பங்கு, இந்தக் கதவுக்குள் நீ யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை என்ற உறுதிமொழிக்கு.

மாலையில் கண்ணாடிக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தேன். கோட்டையின் ஹோட்டல் தொழில் கப்பல் பயணிகளை நம்பி வளர்ந்தது. படைமுகாமாக இருந்த கட்டடத்தை மாற்றி 1875இல் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலைத் திறந்தார்கள். அதே வருடம்தான் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். அது முடிந்தது 1885இல். 1890இல் சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ் கிராண்ட் ஓரியண்டலில் தங்கியிருக்கிறார். எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அப்படிச் சுவர் கட்டத் தேவையில்லை. மலைகளே சுவர். ஆனால் அதைப் பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை தன் தளமாக வைத்திருந்தது. கொழும்புக்குப் பயணிகள் வந்தார்கள், அதனால் ஹோட்டல் வந்தது. எங்களுக்குப் போர்க்கப்பல்கள் வந்தன, அவற்றோடு காவலரண் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் குண்டுகளும் வந்தன. நிலாவெளி வீதியோரத்துப் போர்க் கல்லறை மயானம் அந்தக் காலத்தின் மிச்சம். நாங்கள் பயணிகளை வரவேற்கத் தொடங்கியது மிகவும் பிந்தி, 1970களில் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் ஹோட்டல்கள் எழுந்த பிறகு. பிறகு போர் வந்து கிட்டத்தட்ட முப்பது வருடத்தை விழுங்கியது. அதனால்தான் எங்கள் கவுண்டர்களில் வரவேற்பு பாதியும் காவலரண் பாதியுமாக இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

எங்கள் விடுதியிலும் அது இருந்தது. நீளமான கறுப்பு மட்டை போட்ட பதிவேடு. நான் வேலைக்குச் சேருமுன்பே கோடு போட்டு வைத்தது. பெயர், முகவரி, அட்டை இலக்கம், தொலைபேசி, வாகன இலக்கம், வருகை, புறப்பாடு. கடைசி நிரல்: வந்த நோக்கம். வெளிநாட்டுக்காரருக்கு அந்த நிரலில் யோசிக்காமல் சுற்றுலா என்று எழுதுவோம். மயானத்தில் தாத்தாவின் கல்லறையைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் தாங்களாகச் சொன்னால் உண்டு. உள்ளூர் ஆட்களிடம் கேட்போம். தனியாக வந்த பெண்ணிடம் இரண்டு தரம் கேட்பார்கள். எங்கள் கரையில் சில இடங்களில் உள்ளூர்ச் சோடிகளுக்கு அறை இல்லை என்றே சொல்லிவிடுவார்கள்.

ஊரில் கேள்வி கேட்பது குற்றமா என்று ஒருவர் கேட்கலாம். சல்லிப் பொங்கலுக்கு வருகிறவரை எங்கள் திண்ணையில் இருத்தி, "எங்கயிருந்து வாறியள்? ஆற்ற பிள்ளை?" என்று கேட்காமல் அம்மா தேத்தண்ணி கொடுத்ததில்லை. அந்தக் கேள்வி உறவு தேடும் கேள்வி. பதில் எதுவானாலும் தேத்தண்ணி வரும், பாயும் வரும். கவுண்டரில் அப்படி இல்லை. அங்கே கேட்கிறவர் கையில் சாவி இருக்கிறது. பதில் பிடிக்காவிட்டால் சாவி வராது. அதே சொற்கள்தான், ஆனால் கவுண்டரில் வைத்துக் கேட்டால் அது விசாரணை ஆகிவிடுகிறது. இதைத்தான் அப்பா வாழ்நாள் முழுக்கத் தெரிந்துவைத்திருந்தார்.

ஊர் திரும்பியதும் முதலாளியோடு பேசினேன். ஒப்பந்தங்களைப் பார்த்துச் சந்தோசப்பட்டவர், பதிவேட்டைப் பற்றிச் சொன்னதும் யோசித்தார். "நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் நாங்கள் என்ன பதில் சொல்லுறது?" என்றார். "அட்டை இலக்கம் இருக்கு, போன் நம்பர் இருக்கு, வாகன இலக்கம் இருக்கு. களவெடுக்க வாறவன் நோக்கம் களவெண்டு எழுதித் தருவானா ஐயா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, புதுப் பதிவேடு அடிக்கச் சொன்னார். அந்த நிரல் இல்லாமல்.

அந்தச் சீசனில் ஒரு பின்னேரம் புத்தளத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். அபாயாவின் ஓரமெல்லாம் பயணத் தூசி. நான் வாய் திறக்குமுன்பே அவர் தொடங்கிவிட்டார். "தங்கச்சி, புள்ளைங்களோட அத்தா கத்தார்ல. இவனுங்க கடல் பாக்கணும்னு ஒரே அழுகை. நாங்க ரெண்டு நாளு மட்டும்தான். இதோ அவரோட நம்பர், நீங்களே பேசிப் பாருங்க." சொல்லிக்கொண்டே போனைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். மற்றக் கையால் பைக்குள் கலியாணச் சான்றிதழின் போட்டோப் பிரதியைத் தேடினார். நான்காக மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய பிரதி. இந்தக் கவுண்டர் அதற்கு முதல் கவுண்டர் இல்லை என்பதை அந்த மடிப்பே சொன்னது. 2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் பெண்கள் எத்தனை வாசல்களில் இப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். என் அப்பாவின் வசனம் வேறொருவர் வாயில், வேறு தமிழில் என் முன்னால் வந்து நின்றது.

"அக்கா, அதெல்லாம் உள்ள வையுங்கோ. அட்டை மட்டும் போதும்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போனை இன்னும் நீட்டிக்கொண்டு நின்றார். "கடல் பக்கம் அறை வேணுமா, தோட்டப் பக்கம் வேணுமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பதில் சொன்னது மூத்த பையன்: "கடல்!"

இரண்டு நாள் என்றவர் கூடுதலாகவும் தங்கினார். அடுத்த வருடம் தன் தங்கை குடும்பத்தையும் கூட்டிவந்தார். இது வியாபாரத்துக்கும் நல்லது என்று முதலாளி இப்போது மற்ற விடுதிக்காரருக்குச் சொல்கிறார். நான் அதை வியாபாரத்துக்காகச் செய்யவில்லை. ஆனால் நல்லது நடந்தால் அதைச் சொல்வதில் தவறில்லை.

எங்கள் கரையோரம் நிலாவெளியும் தாண்டிப் புதுப்புது விடுதிகள் எழும்புகின்றன. வீட்டின் முன் அறையை வாடகைக்கு விடத் தொடங்கியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். நீச்சல் குளம் எவ்வளவு, எந்த நிறத் தரை ஓடு என்றெல்லாம் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாதுகாப்புக்குத் தேவையானதை எல்லோரிடமும் ஒரேமாதிரிக் கேளுங்கள்: அட்டை, தொலைபேசி, வாகன இலக்கம். ஒருவரிடம் கேட்காத எதையும் இன்னொருவரிடம் கேட்காதீர்கள். வரி சேர்த்த விலையை முதலிலேயே சொல்லுங்கள். இரவு ரயிலில் வருகிறவரின் பையை வாங்கி வையுங்கள், முகம் கழுவ இடம் கொடுங்கள். அறைக் கதவைத் தட்டினால் பின்வாங்கி நில்லுங்கள். இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை. நட்சத்திர ஹோட்டல் கட்டக் கோடி வேண்டும், அந்த ஹோட்டலில் நான் பெற்ற மரியாதையைக் கொடுக்க ஒரு ஓலைக் கொட்டிலே போதும்.

சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட சனம் நாங்கள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அதனால் இந்த நாட்டில் பயணியை நன்றாக வரவேற்கத் தெரிந்த ஊர் என்று ஒன்று இருந்தால், அது எங்கள் ஊராகத்தான் இருக்க வேண்டும்.